கமாம்பேர் சீஸ் அழியப் போகிறதா? பிரான்ஸைக் கவலைப்பட வைத்த வெள்ளைப் பூஞ்சை... நடப்பது என்ன?

பூசணம் பிடித்த பண்டத்தை நம் வீட்டில் என்ன செய்வோம்? ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் குப்பையில் போடுவோம். ஆனால், 'இனிமேல் பூசணம் சரியாகப் பிடிக்காதோ?' என்று விஞ்ஞானிகளே கவலைப்படும் ஒரு பண்டம் இருக்கிறது. அதுதான் பிரான்ஸின் கமாம்பேர் சீஸ்.

2024 ஜனவரியில், பிரான்ஸின் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மையமான சி.என்.ஆர்.எஸ். ஒரு எச்சரிக்கைக் கட்டுரையை வெளியிட்டது. கமாம்பேர் சீஸின் மேலே வெள்ளை வெல்வெட் மாதிரி படரும் பூஞ்சை, இனப்பெருக்கம் செய்யும் திறனை இழந்துகொண்டே வருகிறது என்பதுதான் அதன் சாரம். உடனே உலகம் முழுக்க 'கமாம்பேருக்கு முடிவு' என்று தலைப்புகள் பறந்தன. ஊடகங்கள் வழக்கம்போல கொஞ்சம் ஓவராகத்தான் போனார்கள் (நாங்களும் ஊடகம்தான், தெரியும்). கடைகளில் கமாம்பேர் இன்றைக்கும் கிடைக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருக்கும் விஷயம் நிஜமானது.

எழுத்தைப் பார்த்துப் பலரும் 'கேமம்பெர்ட்' என்று படிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி 'ட்'டை விழுங்கிவிட்டு 'கமாம்பேர்' என்பார்கள். நாமும் அப்படியே சொல்லிவிடலாம்.

முதல்ல, சீஸ்னா என்ன?

கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் பால் திரிந்து பனீர் ஆகிவிடும். அது ஒரு வழி. புளிப்பும் சூடும் சேர்ந்து பாலைத் திரிய வைக்கின்றன. பிரெஞ்சு சீஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு வழி. அங்கே பாலை உறைய வைப்பது 'ரென்னெட்' என்ற நொதிக் கலவை. பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுப்பார்கள். கன்று குடித்த தாய்ப்பால் வயிற்றுக்குள் சட்டென்று ஓடிவிடாமல், கட்டியாக நின்று மெதுவாகச் செரிக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. மனிதன் அதைப் பாத்திரத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அப்போ சீஸ் சைவம் இல்லையா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பாரம்பரிய முறையில் தயாராகும் கமாம்பேர், ரோக்ஃபோர், கோம்தே ஆகியவற்றில் கன்றின் ரென்னெட்தான் சேர்க்கிறார்கள். சுத்த சைவம் பார்ப்பவர்களுக்கு அது ஆகாது. இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸ்களில் இருப்பது நுண்ணுயிர்களில் இருந்து எடுக்கும் ரென்னெட். அதில் பிரச்னை இல்லை.

ரென்னெட்டுக்கு முன்பே பாலில் இன்னொரு கூட்டம் வேலையைத் தொடங்கியிருக்கும். பாக்டீரியாக்கள். பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றும் அதே வேலை. தயிருக்கு உறை ஊற்றும்போது நம் வீட்டில் நடப்பதுதான் இதுவும். நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் உறைக்கு மோர் வாங்கி வருகிறோம். ஒவ்வொரு வீட்டுத் தயிருக்கும் ஒரு ருசி இருப்பது அதனால்தான். ஒவ்வொரு வீட்டு உறையிலும் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு வேறு.

இந்த 'வீட்டுக்கு வீடு உறை' விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. கமாம்பேருக்கு வந்திருக்கும் சிக்கலே இதில்தான் இருக்கிறது.

கமாம்பேர் எப்படித் தயாராகுது?

பிரான்ஸின் வடமேற்கில் இருக்கிறது நார்மண்டி. மழையும் புல்லும் ஆப்பிள் தோட்டங்களும் நிறைந்த பகுதி. அங்கே ஓர்ன் மாவட்டத்தில் உள்ள ஒரு குட்டி கிராமத்தின் பெயர்தான் கமாம்பேர். இந்தப் பகுதிக்கென்றே 'நார்மாந்த்' என்ற மாட்டினம் உண்டு. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள், கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி ஒரு வளையம். பால் சீஸுக்கு ரொம்பப் பொருத்தமானது.

கறந்த பாலைக் காய்ச்ச மாட்டார்கள். வெதுவெதுப்பாக மட்டும் சூடுபடுத்துவார்கள். பாக்டீரியா வேலை செய்து லேசாகப் புளிப்பு ஏறியதும் ரென்னெட் சேர்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பால், கட்டித்தயிர் மாதிரி அசையாமல் உறைந்துவிடும். இங்கேதான் கைப்பக்குவம். மற்ற பல சீஸ்களில் உறைந்த பாலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கலக்கித் தண்ணீரைப் பிரிப்பார்கள். கமாம்பேரில் அந்த முரட்டு வேலை கிடையாது. நீளமான கரண்டியால் உறைந்த பாலை உடையாமல் அள்ளி, ஓட்டை போட்ட உருளை அச்சுகளில் மெதுவாக இறக்குவார்கள். ஒரு கரண்டி விட்டு, அது தண்ணீர் வடிந்து அமுங்கும் வரை காத்திருந்து, அடுத்த கரண்டி. ஒரு சீஸுக்குக் குறைந்தது 5 கரண்டி என்பது விதி. இன்று இதையே ரோபோ கையால் செய்யும் ஆலைகளும் உண்டு. ஆனாலும் கரண்டிதான், அடுக்குதான்.

எதற்கு இவ்வளவு பொறுமை? உறைந்த பால் உடைந்தால் ஈரமும் கொழுப்பும் வெளியே போய்விடும். உடையாமல் அடுக்கினால்தான் கடைசியில் வெட்டும்போது வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். சுமார் 2.2 லிட்டர் பாலில் இருந்து கிடைப்பது 250 கிராம் எடையுள்ள ஒரே ஒரு வட்டம்.

இரவெல்லாம் தானாகவே தண்ணீர் வடியும். யாரும் அழுத்த மாட்டார்கள். பிறகு அச்சில் இருந்து எடுத்து உப்புத் தூவி, காற்றோட்டமான குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோவார்கள். அதற்குள் பூஞ்சையின் வித்துகள் சேர்க்கப்பட்டிருக்கும். பாலிலேயே கலப்பதும் உண்டு, மேலே தெளிப்பதும் உண்டு. சில நாட்களில் சீஸின் மேல் மெல்லிய பஞ்சு முளைக்கும். இரண்டு வாரத்துக்குள் முழுக்க வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்ளும். அதன்பின் காகிதத்தில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். பால் உறைந்ததில் இருந்து குறைந்தது 3 வாரமாவது ஆகாமல் கடைக்குப் போகக் கூடாது.

அந்த வெள்ளைப் போர்வை வெறும் அலங்காரம் கிடையாது. சீஸின் மேற்பரப்பில் இருக்கும் புளிப்பை அது தின்றுவிடும். புளிப்பு குறையக் குறைய, இறுகிக் கிடக்கும் புரதம் தளர்ந்து இளக ஆரம்பிக்கும். கூடவே பூஞ்சை சுரக்கும் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்து வாசனையாக மாற்றும். இது வெளியில் இருந்து உள்நோக்கிப் போகும் வேலை. அதனால்தான் இளசாக இருக்கும் கமாம்பேரை வெட்டினால் ஓரம் மட்டும் கிரீம் மாதிரி இருக்கும், நடுவில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நாள் ஆக ஆக அந்தக் கோடு காணாமல் போகும். ரொம்ப முற்றிவிட்டால் அம்மோனியா வாசனை மூக்கைப் பிடுங்கும். காளான் வாசனையும் வெண்ணெய் வாசனையும் கலந்து வருவதுதான் சரியான பருவம்.

அதாவது, பூஞ்சை இல்லையென்றால் அது வெறும் உப்புப் போட்ட உறைந்த பால்.

யார் கண்டுபிடிச்சாங்க? ஒரு சிலைக் கதை

பிரான்ஸில் எல்லோரும் சொல்லும் கதை இது. 1791. பிரெஞ்சுப் புரட்சி நேரம். புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த ஒரு பாதிரியார், நார்மண்டியில் ஒரு பண்ணையில் ஒளிந்திருக்கிறார். அவர் 'ப்ரீ' சீஸுக்குப் பேர்போன பகுதியைச் சேர்ந்தவர். அடைக்கலம் தந்த பண்ணையில் இருந்த மரி ஆரேல் என்ற பெண்ணுக்கு அந்த ஊர் சீஸ் ரகசியத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். கமாம்பேர் பிறக்கிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1708-லேயே தோமா கோர்னேய் என்ற எழுத்தாளர் தன் புவியியல் அகராதியில், அந்தப் பகுதிச் சந்தைக்கு வரும் கமாம்பேர் சீஸைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். மரி ஆரேல் பிறப்பதற்கு முன்பே! ஆக, அவர் கண்டுபிடித்தார் என்பதைவிட, அவரும் அவருடைய வாரிசுகளும் அதை வியாபாரமாக வளர்த்தார்கள் என்பதுதான் சரி.

மரி ஆரேலுக்குச் சிலை வந்ததும் ஒரு தனிக்கதை. 1926-ல் ஜோசப் நிரிம் என்ற அமெரிக்க மருத்துவர், கமாம்பேர் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள விமூத்தியே ஊருக்கு வருகிறார். இந்தச் சீஸ் வயிற்றுக் கோளாறுகளுக்கு நல்லது என்று நம்பியவர் அவர். கண்டுபிடித்த பெண்ணுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று பணமும் கொடுக்கிறார். 1928-ல் சிலை எழும்புகிறது. 1944-ல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஊரே தரைமட்டமாகிறது, சிலையும் சேதமாகிறது. போருக்குப் பிறகு புதுச் சிலைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சீஸ் ஆலையில் வேலை பார்த்தவர்கள்.

கமாம்பேரைப் பிரபலமாக்கியவை, உண்மையில், இரண்டு விஷயங்கள். ஒன்று ரயில். நார்மண்டியில் இருந்து பாரிஸுக்குத் தண்டவாளம் வந்ததும் இந்த மென்மையான சீஸ் கெடாமல் தலைநகருக்குப் போக முடிந்தது. இன்னொன்று 1890-ல் ரிதேல் என்ற பொறியாளர் உருவாக்கிய மெல்லிய மரப்பெட்டி. அதன்பின் நசுங்காமல் கடல் கடந்தும் போனது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த பிரெஞ்சு வீரர்களுக்கும் உணவுப் பொட்டலத்தோடு கமாம்பேர் போனது. நார்மண்டிக்காரர்களின் சீஸ், பிரான்ஸ் முழுக்க எல்லோருடைய சீஸாக மாறியது.

அப்போ எல்லாம் வெள்ளை கிடையாது!

மரி ஆரேல் காலத்தில் மட்டும் இல்லை, 19-ம் நூற்றாண்டு முழுக்கவே கமாம்பேர் வெள்ளையாக இருந்ததில்லை. நீலம் கலந்த சாம்பல், பச்சை, சில இடங்களில் ஆரஞ்சுத் திட்டு. ஒரு பண்ணையின் சீஸ் மாதிரி இன்னொரு பண்ணை சீஸ் இருக்காது. காரணம், யாரும் வெளியில் இருந்து பூஞ்சை வாங்கி வரவில்லை. அந்தந்தப் பண்ணை அறையின் மரப்பலகையிலும் சுவரிலும் பாலிலும் என்ன இருந்ததோ அதுதான் சீஸின் மேல் முளைத்தது. நம் வீட்டு உறை மோர் மாதிரிதான்.

வியாபாரம் பெருத்ததும் இந்த வேறுபாடே பிரச்னையானது. பாரிஸில் வாங்குபவருக்குப் போன வாரம் வாங்கிய அதே சீஸ் வேண்டும். சாம்பல் நிறத்தைப் பார்த்தால் கெட்டுப்போனது என்று நினைக்கிறார்கள். 1898-ல் பூஞ்சைகளில் இருந்து வெள்ளையான ஒரு ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிறமி இல்லாமல் பிறந்த ரகம் அது. முதலில் ப்ரீ சீஸுக்கு, பிறகு கமாம்பேருக்கு. ஆய்வகத்தில் வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். பார்க்க அழகு, வேகமாக வளரும், எல்லாப் பெட்டியிலும் ஒரே முகம். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வெள்ளை மட்டும்தான் கமாம்பேர் என்றாகிவிட்டது.

இந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் 'பெனிசிலியம் கமாம்பெர்ட்டி'. 1906-ல் அந்தப் பெயரை வைத்தவர் சார்லஸ் தாம் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பெனிசிலின் மருந்து தந்த பூஞ்சைக்குச் சொந்தக்காரன்தான் இது, அதே குடும்பம்.

சரி, இப்போ என்ன ஆச்சு?

பாரிஸ்-சாக்லே பல்கலைக்கழகத்தில் ஜான் ரோபார், தத்தியானா ஜிரோ ஆகியோரின் ஆய்வுக் குழு இந்தப் பூஞ்சைகளின் மரபணுக்களைப் படித்தது. 2020-ல் வெளியான அவர்களின் ஆய்வு சொன்னது இதுதான்: உலகம் முழுக்க சீஸ் மேல் வளரும் பெனிசிலியம் கமாம்பெர்ட்டி எல்லாமே ஒரே பூஞ்சையின் நகல்கள். அதாவது குளோன்.

வாழையை நினைத்துப் பாருங்கள். விதை போட்டு யாரும் வாழை நடுவதில்லை. தாய் மரத்தின் அடியில் முளைக்கும் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். அதனால் தாய் எப்படியோ கன்றும் அச்சு அசல் அப்படியே. நல்ல ருசியும் அப்படியே வரும், பலவீனமும் அப்படியே வரும். புதிதாக ஒரு நோய் தாக்கினால் எதிர்த்து நிற்க, தோட்டத்தில் வேறு மாதிரியான ஒரு மரம்கூட இருக்காது.

பூஞ்சைகள் இரண்டு வழியில் பெருகும். ஒன்று, துணை இல்லாமல் தானே வித்துகளை உருவாக்கிப் பரப்புவது. இன்னொன்று, எதிர் வகையைச் சேர்ந்த இன்னொரு பூஞ்சையோடு இணைவது. இரண்டாவது வழியில்தான் மரபணுக்கள் கலந்து, பழுதான பகுதிகள் கழிந்து, புது ரகங்கள் பிறக்கும். கமாம்பேர் பூஞ்சையில் இணை சேர எதிர் வகையே கிடையாது. மனிதன் எடுத்து வந்தது ஒன்றே ஒன்று அல்லவா? 100 ஆண்டுகளுக்கும் மேலாக அது தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு ஜெராக்ஸை வைத்து இன்னொரு ஜெராக்ஸ், அதை வைத்து இன்னொன்று என்று போனால் எழுத்து மங்கும் இல்லையா? அதேதான். ஒவ்வொரு நகலிலும் சின்னச் சின்ன மரபணுப் பிழைகள் சேர்ந்துகொண்டே வந்தன. சரிசெய்ய வழியில்லை.

கடைசியில் முதல் வழியும் அடைபட ஆரம்பித்துவிட்டது. வித்துகளை உருவாக்கும் திறனே குறைகிறது. சீஸ் தயாரிக்க வித்துகள்தான் விதை நெல். தேவையான அளவு வித்துகள் கிடைப்பது கஷ்டமாகி வருகிறது என்பதுதான் 2024-ல் சி.என்.ஆர்.எஸ். கொடுத்த எச்சரிக்கை.

கமாம்பேருக்கு மட்டும் இல்லை, இதே பூஞ்சை போர்த்தும் ப்ரீக்கும் இது பொருந்தும்.

நீல சீஸ்களுக்கும் இதே கதியா?

கொஞ்சம் வேற மாதிரி. உள்ளே நீலப் பச்சை நரம்பு ஓடும் சீஸ்களுக்குப் 'பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி' என்ற பூஞ்சை வேண்டும். இந்த வகையில் ராஜா, தெற்கு பிரான்ஸின் ரோக்ஃபோர். செம்மறியாட்டுப் பாலில், அதுவும் லாகோன் இன ஆட்டின் பாலில் மட்டும் செய்வார்கள். கோம்பலூ என்ற சுண்ணாம்புக்கல் மலை சரிந்ததில் உருவான குகைகளில்தான் அது பழுக்க வேண்டும். பாறை இடுக்குகள் வழியே எப்போதும் குளிர்ந்த ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும். அந்த இடுக்குகளுக்கு 'ஃப்ளூரீன்' என்று பெயர். 1411-லேயே பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸ், இந்தச் சீஸைப் பழுக்க வைக்கும் உரிமையை ரோக்ஃபோர் ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். 1925-ல் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் பிரெஞ்சு சீஸும் இதுவே.

அந்தக் காலத்தில் ரொட்டியைக் குகையில் வைத்துவிடுவார்கள். வாரக்கணக்கில் கிடந்து உள்ளே முழுக்கப் பூசணம் ஏறியதும், காயவைத்துப் பொடியாக்கிச் சீஸில் சேர்ப்பார்கள். பூஞ்சைக்குக் காற்று வேண்டுமே, அதற்காகச் சீஸை ஊசிகளால் குத்தித் துளை போடுவார்கள். வெட்டிப் பார்த்தால் நேர்கோட்டில் நீலம் தெரிவது அந்த ஊசி போன பாதைதான்.

ரோக்ஃபோர் விதிப்படி அந்தப் பகுதிப் பூஞ்சையைத்தான் சேர்க்க வேண்டும். இந்தப் பிடிவாதம்தான் அதைக் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கிறது. ரோக்ஃபோர் பூஞ்சைகளில் இன்னும் ஓரளவு வேறுபாடு மிச்சம் இருப்பதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற நீல சீஸ்களுக்கு ஆலைகள் கொடுக்கும் பூஞ்சையோ கமாம்பேர் வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது. வேறுபாடு மிகக் குறைவு, இணை சேரும் திறனும் போய்விட்டது.

கோம்தே மாதிரியான பெரிய கெட்டி சீஸ்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. சுமார் 400 லிட்டர் பாலில் 40 கிலோ சக்கரமாக வரும் கோம்தேயைக் குறைந்தது 4 மாதம் பழுக்க வைப்பது முக்கியமாக பாக்டீரியாக்கள்தான். பெனிசிலியத்துக்கு அங்கே வேலை இல்லை.

பால் பஞ்சாயத்து: 'நார்மண்டி கமாம்பேர்' பெயருக்கு நடந்த சண்டை

பூஞ்சை ஒரே முகமாகிவிட்டது. பாலிலாவது பழைய வேறுபாடு மிச்சம் இருக்கிறதா? இதற்கும் பிரான்ஸில் பெரிய சண்டையே நடந்தது.

'கமாம்பேர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 1926-லேயே ஒரு பிரெஞ்சு நீதிமன்றம் அது பொதுப்பெயர் என்று சொல்லிவிட்டது. அதனால் உலகத்தில் எங்கே செய்தாலும் கமாம்பேர்தான். நார்மண்டிக்காரர்களுக்குக் கிடைத்தது 'கமாம்பேர் தெ நார்மாந்தி' என்ற முழுப்பெயர். 1983-ல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. நம் ஊர் புவிசார் குறியீடு மாதிரி. காய்ச்சாத பால், கரண்டியால் அள்ளி ஊற்றுவது, வருடத்தில் குறைந்தது 6 மாதம் மாடு வெளியே மேய்வது, மந்தையில் பாதியாவது நார்மாந்த் மாடுகள் என்று கறாரான விதிகள்.

2007-ல் இந்தச் சீஸில் பெரும்பங்கைத் தயாரித்த லாக்தாலிஸ் நிறுவனமும் இசிஞ்ஞி சேந்த்-மேர் கூட்டுறவும், காய்ச்சாத பாலில் கிருமி ஆபத்து இருக்கிறது, பாலைச் சுத்திகரிக்க அனுமதி வேண்டும் என்றன. கிடைக்கவில்லை. ஆனால் கடைகளில் இன்னொரு பெட்டி இருந்தது. அதில் 'நார்மண்டியில் தயாரான கமாம்பேர்' என்றிருக்கும். உள்ளே பாஸ்டுரைஸ் செய்த பால். இரண்டு பெயருக்கும் வித்தியாசம் சாதாரண ஆளுக்குத் தெரியுமா? பல ஆண்டுகள் இழுத்த பஞ்சாயத்துக்குப் பிறகு 2018-ல் ஒரு சமரசம். பாஸ்டுரைஸ் பாலும் அதே பாதுகாக்கப்பட்ட பெயருக்குள் வரலாம் என்று பேச்சு. சிறு தயாரிப்பாளர்களும் சமையல் கலைஞர்களும் கொதித்தார்கள். 2020-ல் தயாரிப்பாளர்களே வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். 2021 ஜனவரி 1 முதல் 'நார்மண்டியில் தயாரானது' என்று குழப்பும் பெட்டிகளுக்குத் தடை.

நியாயமாகச் சொன்னால், கிருமி பயம் பொய் கிடையாது. காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸில் லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். காய்ச்சாத பால் சீஸ் என்றால் 60 நாளாவது பழுத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் அசல் நார்மண்டி கமாம்பேர் அமெரிக்கக் கடைகளுக்குள் நுழையவே முடியாது. இன்னொரு பக்கம், பாஸ்டுரைஸ் செய்யும்போது பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் கெட்ட கிருமியோடு சேர்ந்து அந்த மேய்ச்சல் நிலத்தின் நுண்ணுயிர்களும் போய்விடும். பிறகு பாக்கெட்டில் வாங்கிய பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும். ருசி தட்டையாகிவிடுகிறது என்று சிறு தயாரிப்பாளர்கள் சொல்வது அதனால்தான்.

இதுக்குத் தீர்வு இருக்கா?

இருக்கு. அதுவும் ஒரு மலைக் கிராமத்தில்.

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி எல்லையை ஒட்டி தெர்மிஞோன் என்ற ஊர். கோடையில் மாடுகளை 2,000 மீட்டருக்கு மேலே ஓட்டிப்போய் மேய்க்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள் மட்டும் அங்கே ஒரு நீல சீஸ் செய்கிறார்கள். எந்தப் பாக்கெட்டில் இருந்தும் பூஞ்சை சேர்ப்பதில்லை. சுற்றியிருக்கும் இடத்தில் இருந்து தானாக வந்து சேரும் பூஞ்சைதான். ஒரு சக்கரத்தில் நீலம் நிறைய ஓடும், இன்னொன்றில் கொஞ்சம்தான் எட்டிப்பார்க்கும். வியாபாரக் கணக்கில் பார்த்தால் சுத்த லாயக்கில்லாத சீஸ்.

அந்தப் பூஞ்சையை ஆய்வகத்தில் படித்தபோதுதான், அது இதுவரை தெரிந்த ரோக்ஃபோர்ட்டி கூட்டங்களில் சேராத தனிக்கூட்டம் என்று தெரிந்தது. பலவீனமான ஆலைப் பூஞ்சைகளோடு இணை சேர்த்துப் புது ரத்தம் பாய்ச்ச இது உதவலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

கமாம்பேருக்கு ஒரு தெர்மிஞோன் கிடைக்கவில்லை. ஆனால் அதன் நெருங்கிய சொந்தமான 'பெனிசிலியம் பைஃபார்மே' இருக்கிறது. மற்ற பல சீஸ்களின் மேல் தானாக வளர்வது, இன்னும் மரபணு வேறுபாடு உள்ளது. வெள்ளை ரகம் பிறந்ததே இதன் வழியில்தான். அதைச் சேர்த்தால் கமாம்பேர் பிழைக்கும். என்ன, நிறம் சாம்பலாகவோ நீலமாகவோ போகலாம், வாசனை மாறலாம், பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் இருக்கலாம். வாங்குபவர்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் சி.என்.ஆர்.எஸ். கட்டுரை வைத்த கோரிக்கை.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் வூல்ஃப் குழு 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு இன்னொரு கதவைத் திறந்தது. நீலப் பச்சையாக வளரும் காட்டுப் பெனிசிலியத்தைச் சீஸ் மீது மறுபடி மறுபடி வளர விட்டார்கள். சில வாரங்களிலேயே அது வெளுத்துப்போய், மண் நாற்றம் குறைந்து, நச்சும் குறைந்து, கமாம்பேர் பூஞ்சையின் சாயலுக்கு வந்துவிட்டது. 1898-ல் ஒருமுறை நடந்ததை மறுபடி நடத்த முடியும் என்று அர்த்தம்.

கடைசியா, வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாராவது வாங்கி வந்தாலோ, பிரான்ஸ் பக்கம் போனாலோ பெட்டியைப் பாருங்கள். 'கமாம்பேர் தெ நார்மாந்தி' என்ற மூன்று சொல்லும், சிவப்பு-மஞ்சள் நிறத்தில் ஐரோப்பிய முத்திரையும் இருந்தால் அது விதிப்படி செய்தது. 'லே க்ரூ' என்றிருந்தால் காய்ச்சாத பால். கட்டைவிரலால் நடுவில் லேசாக அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கணும், மெதுவாக அமுங்கினால் பதம். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், குளிர்ச்சியில் வாசனையே வராது. மேலே இருக்கும் வெள்ளைத் தோலைச் சுரண்டி எடுக்க வேண்டாம், அதையும் சேர்த்தே சாப்பிடலாம். அங்கங்கே சாம்பலோ பழுப்போ லேசாகத் தெரிந்தால் பயந்து தூக்கிப் போட்டுடாதீங்க. 100 வருடத்துக்கு முன்னாடி நார்மண்டிச் சந்தையில் விற்ற கமாம்பேர் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.